தவுக்கே வீட்டுக்கு வந்த குட்டி

எங்கள் வீட்டுத் தவுக்கே ஒரு பூனை. வயது ஒன்பது. கறுப்பும் வெள்ளையும் கலந்த கடுவன். பத்து பெரண்டாமில் எங்கள் தாமானுக்கு வெளியே உள்ள பெரிய கால்வாயிலிருந்து அப்பா தூக்கி வந்தது. வந்த அன்றே அப்பாவின் பிரம்பு நாற்காலியில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. "பாரு, தவுக்கே மாதிரி உட்கார்ந்திருக்கான்" என்றார் அப்பா. பெயர் நிலைத்துவிட்டது. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த நாற்காலி இன்னும் தவுக்கேயுடையதுதான். அம்மா அதில் உட்காருவதில்லை. நானும் உட்காருவதில்லை.

அம்மாவுக்கு வீட்டில் துணை அவனும், பொன்னி என்ற ஐந்து வயதுப் பெட்டையும்தான். நான் கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளர். காலை நிகழ்ச்சி என்பதால் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் காடியை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு பத்து பெரண்டாம். ஞாயிறு மாலை திரும்பியாக வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தவறு முழுக்க அந்த ஞாயிறு மாலைக்குள் அடங்கிவிடுகிறது.

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஆயர் குரோ டோல் தாண்டி எண்ணெய் போட நிறுத்தினேன். பக்கத்தில் நின்ற லாரிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். சத்தத்தை வைத்துப் பிழைப்பவள் ஆயிற்றே, காதில் விழுந்ததை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. குனிந்து பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு ஆரஞ்சு நிறக் குட்டி, ஏழெட்டு வாரம் இருக்கும். வாலின் நுனி முடிச்சுப் போட்டதுபோல் மடங்கியிருந்தது.

யாரோ காடிக் கதவில் நசுக்கிவிட்டார்கள் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே தூக்கினேன். அது காயமில்லை, பிறவி வால் என்பது பிறகுதான் தெரிந்தது. நம் ஊர்ப் பூனைகளில் முக்கால்வாசிக்குப் பூனைப் படத்தில் வருகிற நீள வால் இருக்காது, கவனித்திருப்பீர்கள். மலாய்த் தீவுக்கூட்டம், சயாம், பர்மா ஆகிய இடங்களின் பூனைகளுக்கு வால் குட்டையாக, பெரும்பாலும் நுனியில் முடிச்சோடு இருக்கிறது என்று சார்லஸ் டார்வின் 1868-இல் வெளிவந்த தம் நூலிலேயே எழுதிவிட்டார். இந்த வட்டாரத்துக் குட்டி என்பதற்கு அந்த வாலே அடையாள அட்டை.

ஒரு காகிதப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா பார்த்ததும் "ஐயோ, குட்டி" என்றார். அதுவே பெயராகிவிட்டது. வெருகின் இளமைக்குக் குட்டி என்ற பெயர் உரியது என்று தொல்காப்பியத்து மரபியலே சொல்லியிருக்கும்போது, நான் புதிதாக யோசிக்க என்ன இருக்கிறது?

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. வரவேற்பறையில் நாற்காலியில் படுத்திருந்த தவுக்கேயின் மூக்குக்கு நேராகக் குட்டியை நீட்டினேன். "இந்தா, உன் தம்பி." இன்னொரு கையில் கைப்பேசி, படம் எடுத்துப் புலனத்தில் போட. தவுக்கே காதைப் படிய வைத்துச் சீறினான். நான் அவன் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினேன், "சீ, சின்னப் பிள்ளைகிட்ட என்ன கோபம்" என்று. பொன்னி வந்து குட்டியை ஒரு அறை விட்டுவிட்டு அலமாரி மேல் ஏறிக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுதும் சீறல். குட்டிக்குப் பயமே இல்லை. தவுக்கேயின் வாலைப் பிடிப்பதும், அவன் தட்டில் வாய் வைப்பதும், அவனுடைய மணல் தொட்டியில் போய் உட்காருவதுமாக இருந்தது. ஞாயிறு மதியம் சீறல் நின்றுவிட்டது. வீடு அமைதி. "பார்த்தீங்களாம்மா, பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே ஒலிக்கூடத்தில் எல்லோரும் ஓடி வருவார்கள். மௌனம் என்றால் ஏதோ அறுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பயிற்சி எனக்கு வீட்டில் உதவவில்லை.

புதன்கிழமை நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைப் பார்த்தால் அம்மாவிடமிருந்து ஐந்து அழைப்புகள்.

"பாப்பா, தவுக்கே ரெண்டு நாளா குளியலறைத் தரையில போய்ப் போய்க் குந்துறான். ஒண்ணும் வரல. நான் மலச்சிக்கல்னு நினைச்சேன். இப்போ கத்துறான் பாப்பா. சாப்பிடல. தொட்டா வயிறு கல்லு மாதிரி இருக்கு."

நான் நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். அம்மாவுக்குக் காடி ஓட்டத் தெரியாது. பக்கத்து வீட்டு மக்சிக்கும் அவர் மகனும்தான் ஓடி வந்தார்கள். ஒரு துணிக்கூடையில் தவுக்கேயை வைத்து, இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிறு கட்டி, மலாக்காவில் ஒரு கால்நடைக் கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். வழியில் யாரோ ஒருவர் பாராசிட்டமோல் மாத்திரை பாதி கொடுங்கள், வலி அடங்கும் என்றாராம். நல்லவேளை, அம்மா கொடுக்கவில்லை. மனிதருக்கான அந்த மாத்திரை பூனைக்கு விஷம். பாதி மாத்திரைகூடக் கொன்றுவிடலாம்.

தவுக்கேக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டிருந்தது. கடுவன் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகியது. சிறுநீர்ப்பை அழன்று, சளி போன்ற கசடும் பொடியும் சேர்ந்தால் ஒரு துளிகூட வெளியே வராது. கழிவு இரத்தத்தில் ஏறும், பொட்டாசியம் கூடும், இதயம் தடுமாறும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். கடுவன் பூனை வைத்திருக்கும் வீடுகளில் இந்த ஒன்றையாவது எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: மணல் தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. பார்ப்பதற்கு மலச்சிக்கல் போலவே இருக்கும். அம்மா ஏமாந்ததில் வியப்பில்லை.

மயக்கம் கொடுத்து, குழாய் செலுத்தி, மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நான் போய் நின்றபோது, கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு அவன் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

மருத்துவர் இளம் பெண். உணவு, தண்ணீர், எடை பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, "வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாறியதா?" என்றார். நான் குட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. காய்ந்த தீனி மட்டுமே தின்பது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, உடல் பருமன் எல்லாமே சேர்ந்துதான் இது வருகிறது என்றார். ஆனால் கடைசியில் தள்ளிவிட்ட கை மனஅழுத்தமாக இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி உள்ள, வீட்டுக்குள்ளேயே வளரும் 46 பூனைகளை அவருடைய குழு பத்து மாதம் பின்தொடர்ந்து 2006-இல் எழுதியது. பூனை ஒளிய இடம், ஏற உயரம், விளையாட்டு, தனித் தொட்டி என்று வீட்டுச் சூழலை மாற்றியதோடு நோய் அறிகுறிகளும் குறைந்தன. வீடு சரியில்லை என்றால் பூனையின் சிறுநீர்ப்பைக்குத் தெரிந்துவிடுகிறது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "தெபோங் தோட்டத்துல எங்க லயத்துல எத்தனை பூனை இருந்துச்சு தெரியுமா? யாரு அதுங்களுக்குப் பாய் போட்டுப் பொண்ணு பார்க்க வச்சா? அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்கு இருக்கும்."

அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் தோட்டத்தில் ஒரு பூனைக்கு இன்னொன்று பிடிக்கவில்லை என்றால் அடுத்த லயத்துக்குப் போய்விடும். ஆயாக் கொட்டகை இருக்கிறது, கோயில் இருக்கிறது, அதற்கப்பால் பால்மரக் காடே இருக்கிறது. ஒதுங்கிப் போவதுதான் பூனைச் சமூகத்தின் பேச்சுவார்த்தை. தாமானில் அறுபதடி நீள வரிசை வீடு, முன்னும் பின்னும் கிரில். சடக்கில் அடிபடக் கூடாது, தெருப் பூனைகளோடு சண்டை போட்டு நோய் வாங்கக் கூடாது என்று நாம்தான் நல்லெண்ணத்தோடு அடைத்து வைத்திருக்கிறோம். ஒதுங்க இடமில்லாத பூனைக்கு நாற்காலி ஒன்றுதான் மிச்சம். அதையும் குட்டி வந்து கடித்தால்?

இன்னொன்று. பூனை அடிப்படையில் கூட்ட விலங்கே இல்லை. உலகின் வீட்டுப் பூனைகளெல்லாம் மேற்காசியக் காட்டுப்பூனை வழி வந்தவை என்பதை 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு 2007-இல் உறுதி செய்தார்கள். அந்தக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடி, தனியாக வாழ்வது. பின்னாளில் மனிதன் அருகில் தீனி பெருகிய இடங்களில் பூனைகள் கூடி வாழப் பழகின. அதுவும் பெரும்பாலும் தாய், மகள், சகோதரி என்று உறவுக்குள். வெளியிலிருந்து வருகிற ஒன்று, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அவர்களுக்கு விருந்தாளி அல்ல. நாம் "தம்பி" என்கிறோம். தவுக்கே பார்த்தது வீடு புகுந்த அந்நியனை.

குட்டியின் பக்கம் கதை வேறு. இரண்டு முதல் ஏழு வாரம் வரையிலான பருவத்தில்தான் பூனைக்குட்டி யார் யாரோடு பழகலாம் என்று கற்றுக்கொள்கிறது. குட்டி அந்த வாசலைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்தது. அதனால்தான் அதற்குப் பயமில்லை. எல்லோரும் "பாவம், குட்டி பயப்படும்" என்று குட்டியையே பார்க்கிறோம். பார்க்க வேண்டியது பெரியதை.

மருத்துவர் எங்களை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். புதுக்குட்டி வருகிற எந்த வீட்டுக்கும் இதே முறைதான் என்றார். நாங்கள் கெடுத்துவிட்டதால் எங்களுக்குக் கூடுதல் நாள்.

பின்னறையைக் குட்டிக்குக் கொடுத்தோம். தனித் தட்டு, தனித் தண்ணீர், தனி மணல் தொட்டி, கதவு சாத்தியே இருக்கும். இது சிறையல்ல, இரண்டு வாரம் எப்படியும் தேவை. தெருவிலிருந்து வரும் குட்டியிடம் குடற்புழு, காதுப்பூச்சி, படர்தாமரை, பெரிய ஆபத்தாகப் பார்வோ வைரஸ் எதுவும் இருக்கலாம். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். குட்டியைத் தொட்ட கையைக் கழுவாமல் பெரிய பூனையைத் தொடக் கூடாது. முதல் நாள் நான் இதையும் யோசிக்கவில்லை.

பிறகு வாசனை. இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது, என் தொழில் வழியாக. புது அறிவிப்பாளரை யாரும் முதல் நாளே காலை நிகழ்ச்சியில் உட்கார வைப்பதில்லை. முதலில் நள்ளிரவில் பாடல்களுக்கு நடுவே நாலு வார்த்தை. அப்புறம் போக்குவரத்து நிலவரம். நேயர்கள் முகத்தைப் பார்க்காமலே குரலை மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் "ஆமா, இவங்க நம்ம ஆளு" என்கிறார்கள். பூனைக்கு வாசனைதான் குரல். கன்னத்தில், தாடையில் உள்ள சுரப்பிகளால் மேசைக் கால், சுவர் மூலை, நம் கணுக்கால் என்று எல்லாவற்றிலும் உரசித் தன் வாசனையைப் பூசி வைப்பதுதான் அதற்கு "என் வீடு". புது ஆள் முதலில் அந்தக் காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். முகம் பிறகு.

அம்மா பழைய கைலித் துணியைக் கிழித்து இரண்டாக்கினார். ஒன்றைக் குட்டியின் கன்னத்தில் தேய்த்துத் தவுக்கேயின் தட்டுக்கு அருகில், இன்னொன்றைத் தவுக்கேயின் கன்னத்தில் தேய்த்துக் குட்டியின் அறையில். முதல் நாள் தவுக்கே துணியை முகர்ந்துவிட்டு வாயைப் பாதி திறந்து முகத்தைச் சுளித்தான். "நாறுது போல பாப்பா" என்றார் அம்மா. இல்லை. வாயின் மேலண்ணத்தில் பூனைக்கு இன்னொரு மோப்ப உறுப்பு இருக்கிறது, அதற்குக் காற்றை அனுப்புகிற முகம் அது. செய்தியை இரண்டாம் முறை வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் அந்தத் துணி மேலேயே கால் வைத்துச் சாப்பிட்டான். அம்மா அதைப் படம் எடுத்து அனுப்பினார். அப்பாவின் நாற்காலியை அவன் விட்டுக்கொடுத்த மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, சாத்திய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. முதலில் கதவிலிருந்து ஆறடி தள்ளி, பிறகு தினமும் ஒரு சாண் நெருக்கமாக. வேகவைத்த கெம்போங் மீன், முள் எடுத்து, உப்பில்லாமல், மக்சிக்கின் உபயம். எதிரியின் வாசனை வருகிறபோதெல்லாம் மீனும் வருகிறது என்று பூனை கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். தவுக்கே சாப்பிடாமல் கதவையே முறைத்தால் மறுநாள் தட்டு ஒரு சாண் பின்னால் போகும். அம்மாவுக்கு அவசரம் வரும்போதெல்லாம் மக்சிக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "பெலான் பெலான்" என்பாராம். மெதுவா, மெதுவா. அவர் வீட்டில் ஆறு பூனைகள். மருத்துவர் சொன்னதில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான்தான் கேட்கவில்லை.

பார்வைக் கட்டத்துக்கு நம் வீட்டுக் கிரில் கதவு போதும் என்று நினைத்தேன். போதாது. குட்டி கம்பிக்கு நடுவே நூல் மாதிரி நுழைந்து வந்துவிட்டது. அம்மா கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்து, இடுப்பு உயரத்துக்குக் கம்பியில் வைத்துத் தைத்தார். வலைக்கு இந்தப் பக்கம் தவுக்கே, அந்தப் பக்கம் குட்டி. முதல் நாள் இரண்டு நிமிடம். தவுக்கே சீறினான். இந்த முறை யாரும் தலையில் தட்டவில்லை. சீறுவது சண்டையல்ல, சண்டை வேண்டாம் என்று சொல்லும் வார்த்தை. அந்த வார்த்தைக்கு அடி கிடைத்தால் அடுத்த முறை வார்த்தை இருக்காது, பல்தான் இருக்கும். நான் கவலைப்பட வேண்டியிருந்தது சீறலுக்கல்ல. சத்தமே இல்லாமல், கண் சிமிட்டாமல், தண்ணீர்த் தட்டுக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருப்பதற்கு. அந்த ஞாயிறு மதியம் நான் பழகிவிட்டதாக நினைத்த அமைதி அதுதான். அன்று வழியை மறித்தது பொன்னி. மறிக்கப்பட்டவன் தவுக்கே. வீட்டில் ஒரு புது வாசனை வந்ததும், ஐந்து ஆண்டு சேர்ந்திருந்த இருவருக்கும் நடுவிலேயே உறவு கெட்டுவிட்டிருந்தது. தவுக்கே கிளினிக்கிலிருந்து மருந்து வாசனையோடு திரும்பியபோது பொன்னி அவனையே அந்நியனாகப் பார்த்துச் சீறினாள். அவனையும் இரண்டு நாள் அப்பாவின் அறையில் தனியே வைக்க வேண்டியிருந்தது.

தொட்டிக் கணக்கும் இதில்தான் வருகிறது. பூனை எத்தனையோ அதோடு ஒன்று கூட்டு என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எங்களுக்கு நாலு. நாலையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் அது பூனைக்கு ஒன்றுதான், ஒரு பொன்னி வாசலில் உட்கார்ந்தால் போதும். வீட்டின் நாலு பக்கமும் பிரித்து வைத்தோம். விருந்தாளிகள் வந்தால் அம்மாவுக்குச் சங்கடம்தான்.

ஐந்தாவது வாரக் கடைசியில் வலையைத் திறந்தோம். திறப்பதற்கு முன் அரை மணி நேரம் நான் குட்டியை ஒரு கயிற்றோடு ஓட விட்டு ஓட விட்டுக் களைக்க வைத்தேன். யாரையும் கையில் தூக்கவில்லை. பிடிக்கப்பட்ட பூனை பயந்தால் பிடித்தவர் கையைத்தான் கிழிக்கும். பத்து நிமிடம், அவ்வளவுதான். குட்டி வாலைப் பார்த்துப் பதுங்கியது. தவுக்கே ஒரு முறை, நகம் நீட்டாமல், தலையில் ஒரு தட்டு தட்டினான். குட்டி மல்லாந்து படுத்தது. அவன் அதைத் தாண்டிப் போய் நாற்காலியில் ஏறிக்கொண்டான்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. புலனத்தில் நண்பர்கள் கேட்கிற அந்தப் படம், இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்குகிற படம், இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். குட்டி இப்போது குட்டியே இல்லை. கருத்தடையும் செய்தாகிவிட்டது. பொன்னி அதோடு விளையாடுகிறாள், சில நேரம் நக்கியும் விடுகிறாள். தவுக்கே விளையாடுவதில்லை. ஈரத் தீனிக்கு மாறிவிட்டான், மாதம் ஒருமுறை எடை பார்க்கிறோம், அடைப்பு திரும்பி வரவில்லை. கிளினிக்கில் கட்டிய அறுநூற்றுச் சொச்சம் வெள்ளியை அம்மா இன்றும் பக்கத்து வீடுகளில் சொல்லிக்காட்டுகிறார்.

போன சனிக்கிழமை காலை நான் வாசலில் பசியாறிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு மேலேதான் பத்து பெரண்டாம் விமான நிலையத்துச் சிறிய விமானங்கள் வட்டமடிக்கும். நமக்கு அது வெறும் இரைச்சல். மனிதக் காது இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்கு அறுபதாயிரத்துக்கு மேலும் கேட்கும். அதற்கு அந்த விமானத்தில் என்னென்ன கேட்கிறதோ. ஒன்று மிகத் தாழ்வாக வந்தது. குட்டி பதறி உள்ளே ஓடி, நாற்காலிக்குத் தாவி, தவுக்கேயின் முதுகுக்கும் பிரம்புக்கும் இடையில் தலையை நுழைத்துக்கொண்டது.

தவுக்கே கண்ணைத் திறந்து பார்த்தான். காது லேசாகப் பின்னால் போனது. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன்.

"படம் எடுக்காதே பாப்பா" என்றார் அம்மா சமையலறையிலிருந்து. நான் எடுக்கவில்லை. விமானம் போகும் வரை அவன் நகரவில்லை.